கசக்கக் கசக்க உறுதி

வீட்டுக்கு ஒயரிங் செய்ய வரும் எலக்ட்ரீஷியனைக் கவனித்துப் பாருங்கள். ஒற்றைச் செம்புக் கம்பியைக் கையாலேயே வளைத்துவிடுவார். ஆனால் வளைத்த இடத்தை மறுபடி நேராக்கப் பார்த்தால் அந்த இடம் முழுசாக நேராகாது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் பகுதிதான் வளையும். ஒரே இடத்தைப் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் வளைத்தால் கடைசியில் படக்கென்று ஒடிந்துவிடும்.

பாத்திரம் தட்டும் கன்னாருக்கும் இது தெரிந்த விஷயம்தான். செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டத் தட்ட அது முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். உடனே அதை நெருப்பில் காட்டுவார். தகடு மறுபடி இளகும். மறுபடி தட்டுவார். தட்டினால் கெட்டியாகும், சூடாக்கினால் இளகும். இந்த இரண்டு வரியைத் தெரிந்துகொண்டு பல ஆயிரம் வருஷங்களாக உலகம் முழுக்கப் பாத்திரமும் ஆயுதமும் செய்திருக்கிறார்கள்.

பள்ளிப் பாடத்தில் மட்டும் வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். உலோகம் உறுதியாக வேண்டுமா? எதையாவது கலக்க வேண்டும். இரும்பில் கார்பன் கலந்தால் எஃகு, செம்பில் துத்தநாகம் கலந்தால் பித்தளை, அலுமினியத்தில் செம்பும் மக்னீசியமும் கலந்தால் விமானத் தகடு. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் எதையுமே கலக்காமல், வெறுமனே கசக்கியே ஓர் உலோகத்தின் உறுதியைப் பல மடங்கு ஏற்ற முடியும் என்பது பாடத்தில் ஓரமாகத்தான் வருகிறது.

அந்தக் கசக்கலை ஓர் எல்லைக்குக் கொண்டுபோகும் துறைக்கு 'சிவியர் பிளாஸ்டிக் டிபர்மேஷன்' என்று பெயர். பிளாஸ்டிக் என்றதும் வாளி, குடம் எல்லாம் நினைவுக்கு வர வேண்டாம். விசையை எடுத்த பிறகும் பழைய வடிவத்துக்குத் திரும்பாத மாற்றம் என்றுதான் இங்கே அர்த்தம். தமிழில் 'கடும் உருமாற்றம்' என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் துறைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. கிடைத்த கவனமும் தவறான எண்ணின் மேல் விழுந்திருக்கிறது. ஏன் என்று பார்ப்போமா?

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு செம்புத் துண்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து, லேசாக அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அது ஒரே துண்டாகத் தெரியாது. சின்னச் சின்னப் படிகங்கள் இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கப்பட்டது மாதிரி தெரியும். ஒவ்வொன்றுக்குள்ளும் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கும். பக்கத்துப் படிகத்தில் அதே வரிசை வேறொரு திசையைப் பார்த்து நிற்கும். இந்தப் படிகங்களை ஆங்கிலத்தில் கிரெய்ன் என்பார்கள். தமிழில் 'குருணை' என்று சொன்னால் பொருத்தமாகவே இருக்கிறது. சாதாரண உலோகத்தில் ஒரு குருணையின் அளவு சில பத்து மைக்ரான் இருக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவு.

குருணைக்குள் அணு வரிசை அச்சடித்தது மாதிரி ஒழுங்காக இருப்பதில்லை. நடுவில் பாதியிலேயே நின்றுபோகும் வரிசைகள் உண்டு. அந்தப் பிசகுக் கோடுகளுக்கு 'டிஸ்லொகேஷன்' என்று பெயர். உலோகம் வளைவதற்குக் காரணமே இந்தப் பிசகுகள்தான். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரே ஆள் மொத்தமாக இழுத்தால் நகராது. ஓர் ஓரத்தில் மடிப்பு எழுப்பி, அந்த மடிப்பை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகர்ந்துவிடும். உலோகத்துக்குள் அந்த மடிப்பின் வேலையைச் செய்வது டிஸ்லொகேஷன். 1934-ஆம் ஆண்டில் டெய்லர், ஒரோவான், போலன்யி என்ற மூன்று பேர் தனித்தனியாக இதைச் சொன்னார்கள்.

சரி, வளைத்தால் ஏன் கெட்டியாகிறது? வளைக்கும்போது புதுப் பிசகுகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. சூடாக்கி இளக்கிய உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுப் பரப்பை எடுத்தால் சுமார் 10 லட்சம் முதல் 10 கோடி பிசகுகள் வரை இருக்கும். நன்றாகக் கசக்கிய உலோகத்தில் இது பத்தாயிரம் கோடியைத் தாண்டி லட்சம் கோடி வரை போகும். தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி, ஒன்றையொன்று நகரவிடாமல் மறித்துக்கொண்டு நிற்கும். மடிப்பு நகராவிட்டால் ஜமக்காளமும் நகராது.

குருணையின் எல்லையும் இதே மாதிரி ஒரு தடைதான். ஒரு குருணைக்குள் ஓடிவரும் பிசகு, வரிசையின் திசை மாறும் எல்லைச் சுவரில் முட்டி நின்றுவிடும். குருணை சின்னதாக ஆக ஆக, சுவர்கள் அதிகமாகும், உறுதி ஏறும். 1951-இல் ஹால், 1953-இல் பெட்ச் ஆகியோர் எஃகில் இதை அளந்து கணக்காகவே கொடுத்தார்கள். குருணையின் விட்டம் நாலில் ஒன்றாகக் குறைந்தால், எல்லைகளால் வரும் உறுதி இரண்டு மடங்காகும். நூறில் ஒன்றாகக் குறைந்தால் பத்து மடங்கு!

மெலியாமல் கசக்குவது எப்படி?

அப்படியென்றால் நன்றாகக் கசக்கிக்கொண்டே போனால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தகடாக உருட்டினால் தகடு மெலிகிறது, கம்பியாக இழுத்தால் கம்பி மெலிகிறது. கசக்கல் போதுமான அளவு ஏறுவதற்குள் கையில் காகிதமோ நூலோதான் மிஞ்சும். அதற்குமேல் போனால் விரிசல் விழும்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் விளாதிமிர் செகால். 1970-களின் தொடக்கத்தில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் மின்ஸ்க் நகரில் அவர் செய்த கருவி பார்க்க ரொம்பச் சாதாரணம். கனமான எஃகு அச்சுக்குள் 'ட' எழுத்து மாதிரி செங்குத்தாகத் திரும்பும் ஒரு குழாய்ப் பாதை. உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒரே அளவு. அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் உலோகத் தண்டை வைத்து மேலிருந்து அழுத்தினால், திருப்பத்தில் உலோகம் சீட்டுக்கட்டு சரிவது மாதிரி அடுக்கடுக்காகச் சரிந்து, மறுபக்கம் அதே தடிமனில் வெளியே வரும். அளவு மாறாததால் அதையே எடுத்து மறுபடி உள்ளே விடலாம். ஒவ்வொரு முறையும் தண்டை 90 டிகிரி திருப்பி விட்டால் எல்லாப் பக்கமும் சமமாகக் கசங்கும்.

இதன் மகிமை கணக்குப் போட்டால்தான் புரியும். இந்த அச்சில் நான்கு முறை தள்ளினால் கிடைக்கும் உருமாற்றத்தைக் கம்பி இழுத்துப் பெற வேண்டுமானால், 10 மி.மீ. தடிமனுள்ள தண்டு 1 மி.மீ. கம்பியாக மெலிய வேண்டும். நீளம் நூறு மடங்காகும். அச்சிலோ தண்டு தண்டாகவே இருக்கிறது.

இன்னொரு வழி உயர் அழுத்த முறுக்கு (தீபாவளி முறுக்கு அல்ல!). நாணயம் மாதிரி ஒரு வட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து, அறுபதாயிரம் வளிமண்டல அழுத்தம் போல அழுத்திக்கொண்டே ஒரு பக்கத்தைத் திருகுவது. இதற்கு விதை போட்டவர் ஹார்வர்டில் 1930-களில் ஆய்வு செய்த பெர்சி பிரிட்ஜ்மன். உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அந்த அழுத்தம் எதற்கு என்றால், விரிசல் வாய் திறக்கவிடாமல் அமுக்கிப் பிடிக்கத்தான். சும்மா திருகினால் உடைந்துவிடும் உலோகம், அமுக்கிப் பிடித்துத் திருகினால் உடையாமல் கசங்கும்.

மூன்றாவது வழியைப் புரோட்டாக் கடையில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இரண்டு தகடுகளைச் சுத்தம் செய்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாதித் தடிமனுக்கு உருட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதை இரண்டாக வெட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி உருட்டு. பத்துச் சுற்று முடிந்தால் 1024 அடுக்குகள். 1 மி.மீ. தகட்டில் ஓர் அடுக்கு ஒரு மைக்ரான்தான். ஜப்பானின் ஒசாகாவில் 1990-களின் கடைசியில் உருவான முறை இது.

குருணை எப்படிப் பிறக்கிறது?

கசக்கினால் குருணைகள் உப்புக்கல் மாதிரி நொறுங்கிச் சின்னதாகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். நொறுங்கினால் உலோகமே உதிர்ந்துபோகும். நடப்பது வேறு.

முதலில் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்குகின்றன. அப்புறம் அவை குருணைக்குள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவி இருக்காமல், அங்கங்கே திரண்டு தடுப்புகளாக நிற்கின்றன. நடுவில் பிசகு குறைந்த அறைகள் உண்டாகின்றன. ஒரு பெரிய கூடத்துக்குள் தட்டி வைத்து மறைத்தது மாதிரி. இந்த நிலையில் பக்கத்து அறைகளின் அணு வரிசைகளுக்கு இடையே ஓரிரு டிகிரி திருப்பம்தான் இருக்கும். மேலும் கசக்கினால், வந்து சேரும் பிசகுகளை எல்லாம் அந்தத் தட்டிகள் உறிஞ்சிக்கொள்ளும். தட்டி மெல்லிசாகி, கூர்மையாகி, திருப்பமும் ஏறிக்கொண்டே போகும். திருப்பம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் அதைத் தட்டி என்று சொல்ல முடியாது. அது முழுச் சுவர். அறை தனி வீடாகிவிட்டது, அதாவது ஒரு புதுக் குருணை பிறந்துவிட்டது.

தூய அலுமினியத்தில் இதை அழகாக அளந்திருக்கிறார்கள். 1 மி.மீ. அளவில் தொடங்கிய குருணைகள், அச்சில் நான்கு முறை தள்ளியதும் சுமார் 1.3 மைக்ரான் ஆகிவிடுகின்றன. ஒரு பழைய குருணை இருந்த இடத்தில் கோடிக்கணக்கான புதுக் குருணைகள்! செகாலின் அச்சை இப்படிக் குருணையைச் சிறிதாக்கப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது, 1980-களின் பிற்பாதியில் ரஷ்யாவின் உஃபா நகரில் ருஸ்லான் வலியேவும் சக ஆய்வாளர்களும் செய்த வேலை.

ஆனால் இது முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்காது. ஒரு கட்டத்தில் புதிதாகப் பிறக்கும் பிசகுகளும் சுவரில் கரைந்து காணாமல்போகும் பிசகுகளும் சமமாகிவிடும். தூய அலுமினியம் ஒரு மைக்ரான் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. தூய செம்பு 200, 300 நானோமீட்டர் வரை இறங்கும். அதற்குமேல் எத்தனை முறை தள்ளினாலும் பெரிய மாற்றம் இல்லை. நானோ என்று பொதுவாகச் சொல்வது 100 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை. அப்படியிருக்க, இந்த உலோகங்களுக்கு எல்லாம் 'நானோ' என்று பெயர் வைத்து விற்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். 'மிகநுண் குருணை' என்று சொன்னாலே போதும். பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

கலப்பதைவிட இது எங்கே மேல்?

உடலுக்குள் வைக்கும் உலோகத்தை எடுத்துக்கொள்வோம். டைட்டானியம் உடம்போடு ஒத்துப்போகும். ஆனால் தூய டைட்டானியத்துக்கு உறுதி போதவில்லை. அதனால் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியத்தை இடுப்பு மூட்டிலும் எலும்புத் திருகாணியிலும் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கலவை 1950-களில் விமானத்துக்காகப் பிறந்தது. மனித எலும்புக்காக யோசித்துச் செய்ததல்ல. கரைந்து வெளிவரும் வனேடியம் உயிரணுக்களுக்கு நல்லதில்லை என்ற கவலை பழையது.

இதே தூய டைட்டானியத்தைக் கடும் உருமாற்றத்துக்கு உட்படுத்தினால் என்ன ஆகும்? 'கிரேடு 4' எனப்படும் வணிகத் தூய்மை ரகத்தின் இழுவிசை உறுதி சுமார் 700 மெகாபாஸ்கல். கசக்கிய பிறகு அது 1200-ஐத் தாண்டுகிறது. கலவை டைட்டானியம் 900 சொச்சம்தான். விஷயம் காகிதத்தோடு நிற்கவில்லை. இந்த உலோகத்தில் 2.4 மி.மீ. விட்டமுள்ள பல் இம்பிளான்ட் செக் குடியரசில் செய்யப்பட்டது. வழக்கமான இம்பிளான்ட்டை இறக்க இடமில்லாத ஒடுங்கிய தாடை எலும்பு உள்ளவர்களுக்கு இந்த மெலிவு பெரிய வரம்.

அடுத்தது மின்சாரம். செம்பிலோ அலுமினியத்திலோ வேறு தனிமத்தைக் கரைத்தால் உறுதி ஏறும், ஆனால் மின்கடத்தும் திறன் அடிவாங்கும். கரைந்த அந்நிய அணுக்கள் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குருணை எல்லைகள் தடுப்பதில்லை. கம்பி உறுதியாகவும் வேண்டும், நன்றாகக் கடத்தவும் வேண்டும் என்றால் கசக்கல்தான் நல்ல வழி.

மூன்றாவது, பழைய இரும்புக் கடை. அலுமினியத்தை மறுபடி உருக்கலாம், ஆனால் பத்து விதமான கலவைகள் ஒன்றாக உலையில் விழுந்தால், கலந்ததைப் பிரிப்பது பெரும்பாடு. ஒரு கலவைக்கு உயிராக இருக்கும் தனிமம் இன்னொரு கலவைக்கு விஷம். கலவைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, உறுதியைக் குருணையிலிருந்து பெற்றால், மறுசுழற்சி எவ்வளவோ சுலபமாகும். உருக்கினால் பழைய குருணை போய்விடும், உண்மைதான். ஆனால் மறுபடி கசக்கிக்கொள்ளலாமே!

மறுபக்கமும் உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் கசக்கிவிடலாம் என்று கிளம்ப முடியாது. கன்னாரின் நெருப்பு இங்கேயும் காத்திருக்கிறது. கசக்கிய உலோகத்துக்குள் நிறைய ஆற்றல் அடைபட்டிருக்கிறது. சூடு பட்டால் அது குருணைகளை மறுபடி வளர்க்கப் பார்க்கும். கடுமையாகக் கசக்கிய தூய செம்பு 200 டிகிரிக்குக் கீழேயே இளக ஆரம்பித்துவிடும். வெல்டிங் வைத்தால் வைத்த இடம் பழையபடி ஆகிவிடும். ஆக, இன்ஜினுக்குள் வைக்கும் பாகத்துக்கு இது சரிப்படாது. 37 டிகிரியை ஒட்டியே இருக்கும் மனித உடம்புக்குள் வைக்கும் டைட்டானியத்துக்கு இந்தக் கவலையே இல்லை.

அடுத்த குறை, இழுபடும் தன்மை. பிசகுகள் குருணைக்குள் நெருக்கியடித்து நிற்பதால் புதிதாக வரும் பிசகுக்கு இடமில்லை. அதனால் இழுத்தால் எல்லா இடமும் சீராக நீளாமல், ஓரிடம் மட்டும் ஒடுங்கி அறுந்துவிடும். இதற்கும் வழி தேடியிருக்கிறார்கள். 2002-இல் வந்த ஓர் ஆய்வில், செம்பைத் திரவ நைட்ரஜன் குளிரில் உருட்டி, பிறகு கொஞ்ச நேரம் மட்டும் சூடாக்கினார்கள். சின்னக் குருணைகளுக்கு நடுவே சில பெரிய குருணைகள் வளர்ந்தன. உறுதியைச் சின்னவை பார்த்துக்கொண்டன, நீளும் தன்மையைப் பெரியவை பார்த்துக்கொண்டன. எல்லாம் ஒரே சீராகச் சிறிதாக இருந்தால்தான் நல்லது என்ற நினைப்புக்கு விழுந்த அடி அது.

கசக்கல் மாற்றாத விஷயங்களும் உண்டு. குருணை எவ்வளவு சிறிதானாலும் டைட்டானியத்தின் விறைப்பு மாறுவதில்லை. அது எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. சுமையை எல்லாம் உலோகமே தாங்கிக்கொள்ள, பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலியும் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். மெல்லிய உறுப்பாகச் செய்தால் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

தவறான எண் என்று மேலே சொன்னது இதைத்தான். இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி முதலில் கண்ணில் படுவது கடினத்தன்மையும் குருணையின் அளவும்தான். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. 10 மி.மீ. விட்டமும் ஒரு மி.மீ.க்கும் குறைவான தடிமனும் உள்ள வட்டில் வேறு எதை எளிதாக அளப்பது? மாணவருக்கு நேரம் குறைவு. கடினத்தன்மை அளக்க ஒரு நிமிஷம் போதும். எண் ஏறியிருந்தால் கட்டுரை தயார். அந்த வட்டிலேயே மையத்தில் ஒரு கசக்கல், விளிம்பில் வேறு கசக்கல் என்பது படிக்கிறவர் கவனத்தில் பதியாமலேயே போய்விடும். களைப்பால் முறியாமல் எத்தனை லட்சம் முறை தாங்கும், ஒரு வருஷம் கழித்தும் அதே உறுதி இருக்குமா, ஒரு மீட்டர் நீளத்துக்குச் செய்தால் என்ன விலை என்பவைதான் உண்மையில் பயன்படுத்துகிறவர் கேட்கும் கேள்விகள்.

இதற்குச் சாட்சி தொழிற்சாலையிலேயே இருக்கிறது. செகாலின் முறை பெரிய அளவில் முதலில் காலூன்றிய இடங்களில் ஒன்று, கணினிச் சில்லுகள் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசப் பயன்படும் ஸ்பட்டரிங் இலக்குத் தகடுகள். அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் அலுமினியத்திலும் செம்பிலும் இவற்றைச் செய்தது. உலகிலேயே சின்னக் குருணை யாருடையது என்ற போட்டி அங்கே இல்லை. தகடு முழுக்கக் குருணை ஒரே சீராக இருக்க வேண்டும், உலோகம் தூய்மையாகவும் இருக்க வேண்டும், பின்தட்டு இல்லாமல் ஒரே துண்டாக நிற்கும் உறுதி வேண்டும். தேவையைப் பார்த்துக் கசக்கினார்கள், ஜெயித்தார்கள். நீளமான கம்பிக்கும் வழி பிறந்திருக்கிறது. பிரிட்டனில் 1970-களில் தொடர்ச்சியாக உலோகத்தைத் தள்ளுவதற்காக வந்த 'கன்ஃபார்ம்' எந்திரத்தோடு செகாலின் திருப்பத்தை இணைத்து, 2004-இல் அலுமினியக் கம்பியை நிறுத்தாமல் கசக்கிக் காட்டினார்கள். இந்த மாதிரி வேலைக்குத்தான் கைதட்டல் அதிகம் கிடைக்க வேண்டும்.

உலோகவியல் படிக்கும் மாணவர்கள் பிராஜெக்ட் தேர்ந்தெடுக்கும்போது, இன்னொரு வட்டைத் திருகி இன்னொரு கடினத்தன்மை எண்ணைச் சேர்ப்பதைவிட, ஏற்கனவே கசக்கிய ஒரு தண்டை எடுத்து அது எவ்வளவு சூடு தாங்கும், எத்தனை முறை வளைந்தால் முறியும் என்று பார்ப்பது நூறு மடங்கு உபயோகமான வேலை. எண் அழகாக வராமல் போகலாம். பரவாயில்லை.

கன்னாரிடம் கடினத்தன்மை அளக்கும் கருவி கிடையாது. தட்டி முடித்த அண்டா அடுப்பில் ஏற வேண்டும், கீழே விழுந்தால் நசுங்கலாம், ஆனால் உடையக் கூடாது, பத்து வருஷம் கழித்து ஈயம் பூசக் கொண்டுவரும்போதும் அண்டாவாகவே இருக்க வேண்டும். அவருடைய பரிசோதனை அவ்வளவுதான். ஆய்வகத்தில் கசக்கிய உலோகத்துக்கும் அதே பரிசோதனையை வைத்தால் என்ன?